பிசினா, சாம்பல் நோயா? ஸ்காபரோக் கொல்லையில் நான்கு கஞ்சாச் செடிகள்

ஓகஸ்ட் கடைசி வாரம், ஒரு ஞாயிறு காலை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மாமா, என் மனைவியின் தாய்மாமன், கைப்பேசியில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். பூப்பிடித்த கஞ்சாச் செடியின் உச்சி, கிட்டத்தில் எடுத்தது. பூவைச் சுற்றியிருந்த சின்ன இலைகள் சீனி தூவியதுபோல் மினுங்கின. கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, நல்லாப் பிசின் பிடிச்சிருக்கு, பாரும். கீழ் இலைக்கும் இறங்கியிட்டுது."

படத்தில் இருந்தது டிரைக்கோம்தான், அதாவது பிசின் சுரக்கும் தூவி, சந்தேகமில்லை. "அருமையா வந்திருக்கு மாமா" என்று எழுதிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். படத்தைப் பார்த்தேனே தவிர அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை. பிசின் கீழ் இலைக்கு இறங்காது. நோய் இன்னதென்று அந்த ஒரு வார்த்தையிலேயே இருந்தது; சொன்னவருக்கும் தெரியவில்லை, கேட்ட எனக்கும் உறைக்கவில்லை. அதில் ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளோடு ஒரு செடியும் போனது.

நான் நயாகரா பக்கம் உரிமம் பெற்ற ஒரு பசுமைக்குடிலில் கஞ்சாப் பயிரைக் கண்காணிக்கும் வேலை செய்கிறேன். நாள் முழுக்க இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுதான் தொழில். தொழிலாகப் பார்க்கிற எனக்கே தவறியது என்றால், முதல் தடவையாக வளர்ப்பவருக்கு எவ்வளவு எளிதாகத் தவறும் என்று யோசித்துத்தான் இதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. ஒன்ராறியோவில் வயது வந்தவர்கள் இருக்கும் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்கலாம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி வீட்டில் வளர்ப்பது குற்றம், இலங்கையிலும் அப்படியே. இங்கே நான் சொல்வது அனுமதி உள்ள ஒரு கொல்லையில் நடந்த கதை.

மாமாவின் கொல்லை ரொறன்ரோத் தமிழ் வீடுகளில் வழக்கமாகப் பார்க்கிற கொல்லைதான். வேலியோரம் பூசணிப் பந்தல், பக்கத்தில் பாகல், தொட்டியில் கறிவேப்பிலை. நான்கு கஞ்சாச் செடிகளில் இரண்டு பந்தலை ஒட்டி நிழலில் நின்றன. இரண்டு நல்ல வெயிலில். நான்கும் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்ந்தவை. முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சவேண்டும் என்று மே மாதத்திலிருந்து பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தார்.

இரண்டு வெள்ளையும் என்ன?

டிரைக்கோம் என்பது செடியின் மேல்தோலிலிருந்தே முளைக்கிற தூவி. கஞ்சாவில் இது பல வகை. வெள்ளையாகத் தெரிவது காம்புள்ள சுரப்பித் தூவி: கீழே ஒரு காம்பு, மேலே உருண்டைத் தலை. தலைக்குள் வட்டமாக அடுக்கிய சுரக்கும் செல்கள் பிசினைச் சுரந்து, மேலே இருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் சேர்த்து வைக்கின்றன. செடியின் மணமும் வீரியமும் பெரும்பாலும் அந்தத் தலைக்குள்தான். தலையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சற்றுக் குறைவு. இவை அடர்த்தியாக இருக்கும் இடம் பெண்பூவின் மேலுறை. அப்புறம் பூவுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் சின்ன இலைகள். விசிறிபோல் விரிந்த பெரிய இலைகளில் காம்புள்ள தூவி மிகக் குறைவு.

தலையில்லாத தூவியும் உண்டு. பெரிய இலையின் மேற்பக்கத்தைத் தடவினால் சொரசொரக்கிறதே, அதற்குக் காரணம் பூனை நகம்போல் வளைந்த குட்டைத் தூவிகள். அவற்றின் அடியில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட், கட்டியாகப் படிந்திருக்கும். லென்ஸ் வைத்து முதல்முறை பார்ப்பவர் இதைக் கண்டு "பூஞ்சை!" என்று பதறுவது சகஜம்.

சாம்பல் நோய் வேறு உயிர். பூஞ்சை. இலைமேல் நூல்நூலாக ஓடி, மேல்தோல் செல்லுக்குள் உறிஞ்சிகளை இறக்கி, உயிருள்ள செடியிலிருந்து சாப்பிடும். உடம்பு முழுக்க இலைக்கு வெளியே, வாய் மட்டும் உள்ளே. நூலிலிருந்து நிமிர்ந்து நிற்கும் காம்புகளில் வித்துகள் சங்கிலியாக உருவாகிக் காற்றில் பறக்கும். ஒரு வித்தின் நீளம் டிரைக்கோம் தலையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. மற்றப் பல பூஞ்சைகளைப்போல் இதற்கு ஈர இலை தேவையில்லை. இலைமேல் தண்ணீர் நின்றால் வித்து முளைப்பது குறையக்கூடச் செய்யும். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். பகலில் 20 முதல் 25 டிகிரி, இரவில் ஈரக் குளிர், நெருக்கமான இலை, அசையாத காற்று. செப்டெம்பர் தொடக்கத்து ஒன்ராறியோ அதற்கு அளந்து செய்த பருவம். வித்து விழுந்து புது வித்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம். நான் வீணாக்கிய ஒன்பது நாளில் ஒரு தலைமுறை முழுதாக முடிந்து அடுத்தது தொடங்கியிருக்கும்.

ஒன்பதாம் நாள்

செவ்வாய் மாலை வேறு வேலையாக ஸ்காபரோ போனேன். பசுமைக்குடிலிலிருந்து நேரே கொல்லைக்குப் போகவில்லை. கிளம்புவதற்கு முன் வீட்டில் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் வந்தேன். பசுமைக்குடிலில் எங்களுக்கு அது பழக்கம்: சுத்தமான அறையை முதலில் பார்ப்போம், நோயுள்ள அறையைக் கடைசியில். வித்து சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். கொல்லையிலும் அதே ஒழுங்கில் வெயிலில் நின்ற இரண்டு செடிகளில் தொடங்கினேன்.

உச்சியைப் பார்த்தால் குறையே இல்லை. மாமா அனுப்பிய படம் பொய் சொல்லவில்லை. அப்புறம் பந்தலோரம் போய்க் குந்தியிருந்து கீழ் இலைகளை விலக்கினேன். நிழலில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பெரிய விசிறி இலைகளின் மேற்பக்கத்தில் வெள்ளை வட்டங்கள். ஐந்து சதக் காசளவு சில, அதைவிடப் பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டவை சில. வாசலில் கோலமாவு கைதவறிக் கொட்டி, மேலே காற்று அடித்ததுபோல. ஓர் இலைக்காம்பிலும் வெள்ளை ஏறியிருந்தது.

லென்ஸ் எடுக்கும் முன்பே பாதி முடிவாகிவிட்டது. செடியின் சொந்தத் தூவி செடி வைத்த இடத்தில்தான் இருக்கும்: பூவில் நிறைய, பூவிலிருந்து தள்ளிப்போகப் போகக் குறைவு, எல்லாப் பக்கமும் ஒரே சீராக. நோய்க்கு அந்தக் கணக்குத் தெரியாது. விழுந்த இடத்தில் தொடங்கி வட்டமாக விரியும். பக்கத்து இலை சுத்தமாக இருக்கும், இந்த இலை வெளுத்திருக்கும். பூ வெளுத்து கீழ் இலை பச்சையாக இருந்தால் பயப்பட வேண்டாம். பூவுக்குச் சம்பந்தமே இல்லாத முதிர்ந்த இலை வெளுத்திருந்தால் கவனிக்கவேண்டும்.

மாமாவுக்கு இது ஏற்கவில்லை. "அது பழுத்த செடி தம்பி, பிசின் கூடினா எல்லா இடமும் வராதே?" அவர் கேட்டது நியாயமான கேள்வி. கடைசி வாரங்களில் டிரைக்கோம் தலைகள் தெளிந்த கண்ணாடி நிறத்திலிருந்து பால் நிறத்துக்கு மாறும், அப்புறம் சிலது தேன் நிறமாகும். பால் நிறமாகும்போது செடி முழுக்கத் திடீரென்று வெளுத்ததுபோல் தோன்றும். அதே வாரங்களில்தான் சாம்பல் நோயும் வேகம் பிடிக்கிறது. இரண்டு வெளுப்பும் ஒன்றாக வருவதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

அவரிடம் லென்ஸைக் கொடுத்தேன். 60 மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ், உள்ளேயே விளக்குண்டு. முதலில் வெயில் செடியின் பூவை ஒட்டிய இலை. குண்டூசிக் காடு. ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கண்ணாடித் தலை; ஊசிக்கு ஊசி இடைவெளி; ஒன்றோடொன்று தொடுப்பு இல்லை. "வடிவாயிருக்கு" என்றார். அடுத்து நிழல் செடியின் கீழ் இலையை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இது சிலந்தி வலை மாதிரியெல்லோ இருக்கு."

அதுதான். நூல்கள் நரம்பைத் தாண்டி, பூனைநகத் தூவிகளின்மேல் ஏறி இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஓரத்தில் நூல் மெலிவு. நடுவில் அடர்ந்து மாவாகியிருந்தது. நடுப்பகுதியில் குட்டைக் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. இங்கேதான் பழகாத கண் தடுமாறும். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்ததும் காம்புள்ள டிரைக்கோம் என்று தோன்றும். குச்சியின் நுனியைப் பாருங்கள். டிரைக்கோம் என்றால் காம்பைவிட அகலமான தலை, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று ஒரு புள்ளி மின்னும். வித்துக் காம்பில் தலை இல்லை. அடி முதல் நுனி வரை ஏறக்குறைய ஒரே பருமன், பாசிமணி கோர்த்ததுபோல் கணுக்கணுவாக இருக்கும். மெல்ல ஊதினால் மணிகள் உதிரும். மாமா ஊதப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன்; பக்கத்துச் செடிக்கு நாமே விதைத்ததாகிவிடும்.

அடுத்தது விரல். சுட்டுவிரலால் அந்த வட்டத்தை ஒருமுறை துடைத்தேன். திருநீறு மாதிரி விரலில் வந்துவிட்டது. ஒட்டவில்லை, மணமில்லை, அடியில் இலை மஞ்சள் பாய்ந்த பச்சை. விரலைக் கழுவிவிட்டு வெயில் செடியின் பூ இலையைத் தேய்த்தேன். விரல் பிசுபிசுத்தது. பெருவிரலோடு சேர்த்துப் பிரித்தால் ஒட்டிப் பிடித்தது, மணம் மூக்கில் ஏறியது. வேறு கருவி எதுவும் கையில் இல்லாதவருக்கு இந்தச் சோதனை ஒன்றே பெரும்பாலும் போதும். ஆனால் துடைத்ததும் வெள்ளை போய்விட்டதே, குணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. உறிஞ்சி செல்லுக்குள் இருக்கிறது. சில நாளில் அதே இடம் மறுபடி வெளுக்கும்.

உறுதிக்காக, தெளிவான ஒட்டுநாடாவை வட்டத்தின்மேல் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி என் வீட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். 400 மடங்கில் நிறமற்ற பீப்பாய் வடிவ வித்துகள், சில இன்னும் சங்கிலியாகவே. வேலைத்தலத்தில் நல்ல நுண்ணோக்கி இருக்கிறது, ஆனால் நோயுள்ள இலையை அந்த வாசலுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது.

பூசணியின் பழி

பந்தலில் பூசணி இலைகளும் வெளுத்துத்தான் இருந்தன. "இதிலயிருந்துதான் ஒட்டியிருக்கு" என்று மாமா பூசணியைப் பிடுங்கப் போனார். பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் சாம்பல் நோய் என்பது ஒரே பூஞ்சையின் பெயர் இல்லை. நூற்றுக்கணக்கான இனங்களுக்குப் பொதுப்பெயர். ஒவ்வொன்றுக்கும் விருப்பமான செடிக் குடும்பம் உண்டு. ஊரில் உளுந்தில் வரும் சாம்பல் நோயும் திராட்சையில் வருவதும் வேறு வேறு பூஞ்சைகள், பெயர்தான் ஒன்று. பூசணி, வெள்ளரி வகையில் பெரும்பாலும் வருவது போடோஸ்பேரா சாந்தியை. கஞ்சாவில் கனடாவிலும் அமெரிக்காவிலும் திரும்பத் திரும்பப் பதிவாகியிருப்பது கோலோவினோமைசெஸ் இனம். முதலில் ஒரு பெயரில் அறிவித்து, பிறகு மரபணு பார்த்து இப்போது கோலோவினோமைசெஸ் அம்புரோசியே என்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தின் ஸமீர் பஞ்சா குழுவினர் கஞ்சாப் பூஞ்சை நோய்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் வேலையில் அவர்களுடைய நுண்ணோக்கிப் படங்கள்தான் ஒப்பிட உதவுபவை. பியருக்குப் போடும் ஹொப்ஸ் கஞ்சாவின் குடும்பத்துச் செடி. அதைத் தாக்கும் போடோஸ்பேரா மாக்குலாரிஸ் கஞ்சாவிலும் ஏறக்கூடியது.

ஆக, பூசணி செய்த தவறு நிழலும் நெருக்கமும். காற்றை அடைத்தது. பிடுங்க வேண்டியதில்லை, விலக்கிக் கட்டினால் போதும் என்றேன். நான் அதிகம் சந்தேகப்படுவது தண்டுத் துண்டுகளைத்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு நோயோடு கைமாறி வருவது தண்டுத் துண்டுகளில்தான் அதிகம். வாங்கிய துண்டை இரண்டு வாரமாவது தனியாக வைத்து, லென்ஸால் பார்த்து, பிறகுதான் மற்றச் செடிகளோடு சேர்க்கவேண்டும்.

என்ன செய்தோம்

நிழலில் நின்ற முதல் செடியில் பூவுக்குள்ளேயே நோய் ஏறியிருந்தது. கண்டுபிடிக்கக் கடினமான நிலை இது: டிரைக்கோமும் பூஞ்சையும் ஒரே இடத்தில். பூவின் பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். டிரைக்கோம் உள்ள இடமெல்லாம் மினுக்குப் புள்ளிகள் கூடவே நகர்ந்தன. நடுவே சில இடம் மினுக்கவே இல்லை, மங்கிய சாம்பல். லென்ஸில் பார்த்தால் ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்கு நூல் பாலம் போட்டிருந்தது. கண்ணாடித் தலைகளுக்கு இடையில் நூல் ஓடினால் அந்தப் பூ முடிந்தது. கழுவியும் காயவைத்தும் காப்பாற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்வதில்லை. இந்தப் பூஞ்சை உயிருள்ள செடியில் மட்டுமே வாழும், மனித உடம்பில் வளராது, அது உண்மை. ஆனால் வித்துகளையும் நூலையும் சுவாசிப்பது ஒவ்வாமை உள்ளவருக்கும் நெஞ்சுநோய் உள்ளவருக்கும் நல்லதல்ல. நோய்ப்பட்ட பூவில் ஆஸ்பர்ஜிலஸ் போன்ற வேறு பூஞ்சைகளும் சேர்ந்திருந்தால், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு நுரையீரலில் உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்துக்கென்று வளர்ப்பவரில் அப்படியானவர்கள் குறைவா?

செடியை வெட்டுமுன் பெரிய குப்பைப் பையை மேலிருந்து கவிழ்த்து, அடியில் சேர்த்துக் கட்டி, அப்புறம்தான் அடித்தண்டை அறுத்தோம். முதலில் வெட்டிப் பிறகு பைக்குள் திணித்தால் வித்து கொல்லை முழுக்கப் பறக்கும். மாமா ஒன்றும் பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாமி கேட்டார், "நாலு மாசம் தண்ணி ஊத்தினவர், எப்பிடித் தம்பி இருக்கும்?" எனக்குப் பதில் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேட்டிருந்தால் கீழ் இலை நாலைக் கிள்ளியதோடு முடிந்திருக்கக்கூடும்.

இரண்டாவது செடியில் பூ சுத்தம், கீழ் இலை பத்துப் பன்னிரண்டில் வட்டங்கள். ஒவ்வோர் இலையையும் சின்னப் பைக்குள் விட்டுக் கிள்ளினோம். உள்ளே நெருங்கிய கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் விட்டோம். மீதி இலைகளுக்கு மட்டும் பொட்டாசியம் பைகார்பனேட் கரைசல், கடைப் பெட்டியில் எழுதிய அளவுப்படி, பூவில் படாமல். அது பூஞ்சை நூலைத் தொட்ட இடத்தில் சுருங்கச் செய்யும். செல்லுக்குள் போகாது, அதனால் திரும்பவும் அடிக்கவேண்டி வரும். பால் தெளித்தால் என்ன என்று மாமா கேட்டார். கேலி செய்யக்கூடிய கேள்வி இல்லை இது. பிரேசிலில் வாக்னர் பெத்தியோல் 1999இல் பூசணி வகையான சுக்கினிச் செடியில் பசும்பாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துச் சாம்பல் நோய் குறைவதைக் காட்டியிருக்கிறார். காய்கறிப் பந்தலுக்கு அடியுங்கள், பூப்பிடித்த கஞ்சாவில் வேண்டாம், பால் பூவுக்குள் நின்று புளித்தால் இன்னொரு பூஞ்சைக்கு விருந்தாகும் என்றேன்.

அதைவிடப் பயந்த விஷயம் வேறு. நான் வருமுன் மாமா ஒரு தோட்டக்கடையில் விசாரித்திருக்கிறார்; ரோசாச் செடிச் சாம்பல் நோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி ஒன்றைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். நல்லவேளை, வாங்கவில்லை. திராட்சை போன்ற பயிர்களில் பயன்படும் மைக்ளோபியூட்டனில் என்ற மருந்து சூடேறிச் சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு உண்டாகும். சாப்பிடும் பழத்துக்கு வைத்த அளவு புகைக்கிற பூவுக்குப் பொருந்தாது. 2016, 2017 வாக்கில் கனடாவில் உரிமம் பெற்ற சில உற்பத்தியாளர்களின் மருத்துவக் கஞ்சாவில் இதே மருந்து கண்டுபிடிக்கப்பட்டுச் சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகுதான் சோதனை இறுகியது. கஞ்சாவுக்கு என்று அனுமதித்த பட்டியலில் இல்லாத எதையும் வீட்டுச் செடியில் அடிக்காதீர்கள், எவ்வளவு நல்ல ரோசா மருந்தாக இருந்தாலும்.

மறுபக்கத் தவறு

ஒரு வாரம் கழித்து மாமி அழைத்தார். "இவர் விடியக் காலமையிலிருந்து இலை பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வந்து பாருங்கோ." போனால், வெயிலில் நின்ற மூன்றாவது செடி மொட்டையாகப் பாதி. பூவை ஒட்டிய சின்ன இலைகளை ஒரு பை நிறையப் பிடுங்கி வைத்திருந்தார். வெளுத்ததெல்லாம் நோயாகத் தெரியத் தொடங்கிவிட்டது அவருக்கு.

பையிலிருந்து இருபது இலையாவது லென்ஸில் பார்த்தேன். ஒன்றில்கூட நூல் இல்லை. எல்லாம் பால் நிறத் தலைகள், நடுநடுவே பூனைநகத் தூவி. ஓரிரண்டு பெரிய இலையில் வெள்ளைத் திட்டு இருந்தது. நனைந்த பஞ்சால் துடைத்தால் போய்விட்டது, மறுபடி வரவில்லை. குழாய்த் தண்ணீர் காய்ந்த உப்புப் படிவு. இன்னோர் இலையில் வெள்ளிநிறக் கீறல், அருகே மிளகுத்தூள்போல் கறுப்புப் புள்ளிகள்: இலைப்பேன் சுரண்டிய தழும்பு. சுரண்டிய இடத்தில் மேலே எழும்பி நிற்பது எதுவும் இருக்காது, துடைத்தாலும் வராது.

அன்று அவருக்கு ஒரு வழி சொன்னேன். சந்தேகப்படும் வெள்ளையை உடனே பிடுங்காதீர்கள். இலைக்காம்பில் சிவப்பு நூல் கட்டி, பக்கத்தில் ஐந்து சதக் காசைப் பிடித்துப் படம் எடுங்கள். நான்கு நாள் கழித்து அதே இலையை அதே காசோடு எடுங்கள். டிரைக்கோம் வெளிப்பக்கமாக விரியாது. உப்புப் படிவும் விரியாது. நோய் விரியும். நான்கு நாள் காத்தால் அதற்குள் பரவாதா என்று கேட்டார். பரவும்தான், அதனால் நூல் கட்டுவது லென்ஸும் விரலும் முடிவு சொல்லாத இலைக்கு மட்டும். லென்ஸில் நூல் தெரிந்தால் அந்த நிமிடமே பையும் கத்தரியும்.

செப்டெம்பர் முழுக்க எனக்குப் படங்கள் வந்தன. உச்சிப் பூவின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் குந்தியிருந்து எடுத்த கீழ் இலைகள், சிவப்பு நூல், ஐந்து சதக் காசு. இரண்டாவது செடியில் மட்டும் இரண்டு முறை புது வட்டம் வந்தது, இரண்டையும் அவரே கண்டுபிடித்துக் கிள்ளினார்.

ஒக்டோபரில் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் மூன்று செடிகளையும் அறுத்தோம். இரண்டாவதைத் தனியாக, கடைசியில். தொங்கவிடுமுன் ஒவ்வொரு பூவாகக் கைவிளக்கில் திருப்பிப் பார்த்தார் மாமா. ஒரு கொத்தில் நிறுத்தி, லென்ஸை வைத்து, நிறைய நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "தலை எல்லாம் இருக்கு. ஆனா இந்தக் காம்படியில மினுக்கேல்ல, பாரும்." பார்த்தேன். இரண்டு தலைகளுக்கு நடுவே, முடியைவிட மெல்லிய ஒரு நூல். அந்தக் கொத்தை அவரே பைக்குள் போட்டுக் கட்டினார்.